தகர டப்பாச் சத்தம்

மார்கழியில் ஓசூருக்குத் திரும்பி வந்தவர்களுக்கு அந்த வாசனை மறந்திருக்காது. பிதுக்கம்பருப்புக் குழம்பு கொதிக்கிற வாசனை. பனி இறங்க இறங்கத்தான் அவரைக்கு மணம் ஏறும் என்பாள் எங்கள் பாட்டி. சந்தையில் மூட்டை மூட்டையாக அவரைக்காய் வந்து இறங்கும். உரித்த கொட்டையை ராத்திரி ஊறப்போட்டு, விடிந்ததும் திண்ணையில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து, பெண்கள் ஒவ்வொன்றாகப் பிதுக்குவார்கள். இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு அழுத்து. தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளிப் போய்ச் சட்டியில் விழும். அந்தத் திண்ணையில் தெலுங்கு ஒரு பக்கம், கன்னடம் ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம் என்று பேச்சு ஓடும். தொண்ணூறுகளில் அதில் நான்காவதாக ஒரு பேச்சு வந்து சேர்ந்தது. அதுவும் தமிழ்தான். ஆனால் "ஓம்" என்று தொடங்கும், "என்ன?" என்று இழுத்து முடியும். அணைக்கட்டு முகாமிலிருந்து கூலிக்குப் பருப்புப் பிதுக்க வந்த பெண்களின் பேச்சு அது.

உங்களுக்கும் நினைவிருக்கும், அப்போது ரோட்டுக்கு ஒரு பக்கம் சிப்காட், மறுபக்கம் கொல்லைகள். டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று எண்பதுகளில் ஒவ்வொன்றாக வந்துவிட்டிருந்தன. ஷிப்ட் விடுகிற சங்கு ஊதினால் சைக்கிளும் டி.வி.எஸ். ஐம்பதுமாகத் தெரு நிறையும். இன்னும் கூண்டு கட்டாத லாரி சேஸிஸ்களை ஓட்டிக்கொண்டு டிரைவர்கள் போவார்கள். தலையில் மப்ளர், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, மூக்கை மறைத்துத் துண்டு. மேலே கூரை இல்லை, முன்னால் கண்ணாடி இல்லை, அந்தக் குளிர்காற்று அத்தனையும் அவர்கள் மார்பில்தான். ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போனால் ராகிக் கொல்லை, ரோஜாத் தோட்டம், மலைமேல் சந்திரசூடேஸ்வரர். இன்னும் போனால் தென்பெண்ணை. நந்தி மலையில் பிறந்து, கர்நாடகத்தில் நடந்து, கொடியாளத்தில் நம் பக்கம் கால்வைக்கிற ஆறு. கெலவரப்பள்ளியில் அதை மறித்து அணை கட்டினார்கள். அந்த அணைக்கரையில்தான் முகாம்.

தகரமும் தார்ச்சீட்டும் போட்ட நீளக் கொட்டகைகள். உள்ளே பத்துக்குப் பத்து அடியாகத் தடுத்த அறைகள். அறைக்கு ஒரு குடும்பம். அந்த அறைக்குள்ளும் சேலையைக் குறுக்கே கட்டிப் படுக்க ஒரு மூலை, சமைக்க ஒரு மூலை. 1990 ஜூனில் இலங்கையில் யுத்தம் மறுபடி மூண்டபோது மன்னாரிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் அவர்கள். மண்டபத்தில் பெயர் எழுதி, பஸ்களில் ஏற்றி, மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். அப்போது நாமெல்லாம் தருமபுரி மாவட்டம். நம் பக்கத்தில் ஆளில்லாமல் கிடந்த நிலம் என்றால் அணைக்கரைகள்தான். ஊத்தங்கரைப் பாம்பாறு அணையில் ஒரு முகாம், கெலவரப்பள்ளியில் ஒரு முகாம் என்று அணை அணையாகக் குடிவைத்தார்கள். உப்புக்காற்றில் பிறந்து வளர்ந்த ஜனங்கள் கடல்மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேலே வந்து முதல் மார்கழியைப் பார்த்தார்கள். குழந்தைகளுக்குச் சாக்கை இரண்டாக வெட்டிக் கழுத்துக்கு ஓட்டை போட்டு மாட்டியிருந்தார்கள். எங்கள் தெருவில் பழைய ஸ்வெட்டர் சேர்த்த வீடுகள் இருந்தன, கதவைச் சாத்திக்கொண்ட வீடுகளும் இருந்தன.

முகாமில் எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிட்ட ஒரு பெரியவர் இருந்தார். மன்னார்ப் பக்கம் அடம்பனில் பள்ளி ஆசிரியர். கூடவே வயல்காரர். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்தவர். அதனால் அணையைப் பார்த்தால் அவருக்குக் கை நிற்காது. மதகைத் திறந்துவிடுகிற நாளில் கரையில் உட்கார்ந்து, எவ்வளவு தண்ணீர் போகிறது, எந்த வாய்க்கால் உடைந்திருக்கிறது, யார் வயலுக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டேயிருப்பார். "குளத்துத் தண்ணிக்கு ஒரு முறை இருக்கு தம்பி. கடைசி வயல்காரன்ர வரப்பு நனையாமல் முதல் வயல்காரன் ரெண்டாந்தரம் கேக்கக் கூடாது" என்பார். எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பள்ளிக்கூடத்தில் புரியாத பின்னக்கணக்கு அந்தத் தார்ச்சீட்டுக் கூரைக்குக் கீழே புரிந்தது.

அவருடைய மாமியார் ஒருத்தி. முகாமுக்கே அம்மம்மா. படகில் ஏறும்போது கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடுங்கள் என்று சொன்னார்களாம். அவள் எடுத்து வந்தது திருவலை. நம் ஊரில் தேங்காய்த் துருவி என்போமே, அதுதான், பலகையோடு. அத்தனை பேர் நெருக்கிக்கொண்டு நின்ற படகில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஓசூர்ச் சந்தையில் தேங்காய் விலை கேட்டுவிட்டு அவள் முகம் போகும் போக்கைப் பார்த்து, கடைக்காரம்மா ஒரு தேங்காயில் அரை மூடியை உடைத்துத் தருவாள். கிலோ 57 பைசா என்று அரசாங்கம் கொடுத்த அரிசியை இடித்து, அந்த அரை மூடியைத் துருவி, புட்டு அவிப்பாள். அரிசி தீர்ந்த நாட்களில் ராகி. எங்களுக்கு ராகி என்றால் களி. உருட்டி, குழி பண்ணி, குழம்பு ஊற்றி, மெல்லாமல் விழுங்க வேண்டும். அவளுக்கு அது குரக்கன். பதமாக உதிர்த்து, இடையிடையே தேங்காய்ப்பூ தூவி, ஆவியில் வேக வைப்பாள். எங்கள் பாட்டி அதை வாயில் போட்டுக்கொண்டு, இத்தனை வருஷமாக இந்த ராகியைக் கிளறிக் கிளறியே தீர்த்துவிட்டோமே என்று வருத்தப்பட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை ராத்திரி ராகிப் புட்டு.

பெயிண்டர் அண்ணனையும் சொல்ல வேண்டும். முகாமிலிருந்து வேலைக்குப் போன ஆம்பிளைகள் முக்கால்வாசிப் பேர் பெயின்ட் வேலைதான். வெளியூர் போனால் முகாமில் ஆள் கணக்கெடுக்கிற நாளுக்குள் திரும்பிவிட வேண்டும்; நிரந்தர வேலை யாரும் தர மாட்டார்கள்; தூரிகையைத் தூக்கிக்கொண்டு அன்றன்றைக்குக் கூலி வாங்குகிற வேலைதான் அதற்குத் தோது. இவர் எழுத்தும் எழுதுவார். பாகலூர் ரோட்டுச் சைக்கிள் கடை, மாவு மில், சலூன் எல்லாவற்றுக்கும் மூன்று மொழியில் போர்டு எழுதினவர் அவர். தெலுங்கும் கன்னடமும் படிக்கத் தெரியாது. தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, வளைவுக்கு வளைவு படமாக வரைந்துவிடுவார். ஒரு பிழை இருக்காது. அந்த போர்டுகளில் தமிழ் எழுத்தில் மட்டும் ஒரு சின்ன நெளிவு கூடுதலாக இருக்கும்.

சத்தங்களைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் காலத்தைச் சொல்ல முடியாது. நம் ஊர் சத்தம் நிறைந்த ஊர். கருங்கல் குவாரியில் மத்தியானம் வேட்டு வைப்பார்கள். முதலில் ஒரு விசில், பிறகு பூமி அதிர்கிற மாதிரி ஒன்று. நாம் பிறந்ததிலிருந்து கேட்டது. சோறு தின்கிற கை கூட நிற்காது. முகாம் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் சேர்ந்த முதல் வாரம், வேட்டுச் சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் மைதானத்து மண்ணில் குப்புற விழுந்தார்கள். காதைப் பொத்திக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு. வாயைத் திறந்து வைத்தால்தான் காது கிழியாது என்று அஞ்சு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. எங்கள் டீச்சர் மறுநாளிலிருந்து வேட்டு நேரத்துக்கு முன்னால் எல்லோரையும் வகுப்புக்குள் கூப்பிட்டு, வாய்ப்பாட்டை உரக்கச் சொல்ல வைத்தாள். பதினாறாம் வாய்ப்பாடு வரும்போது குவாரி வெடிக்கும். நாங்கள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போவோம்.

அதைவிடப் பெரிய சத்தம் ராத்திரியில். கார்த்திகை பிறந்தால் யானை வந்துவிடும் என்பது நமக்கு நாள்காட்டி. பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை என்று இறங்கி, சானமாவுக் காட்டில் வந்து தங்கும். ராகிக் கதிர் முற்றுகிற நேரம் அதற்கு எப்படித்தான் தெரியுமோ. பரண் போட்டு, தீ மூட்டி, ராத்திரி முழுக்கக் காவல். இருட்டில் கிளை ஒடிகிற சத்தம் கேட்டால் அணுகுண்டு வெடியைக் கொளுத்திப் போடுவார்கள். அந்த முதல் வருஷம், முகாமை ஒட்டியிருந்த ரெட்டி தாத்தா கொல்லையில் வெடி போட்ட ராத்திரி, விடிந்து பால் கறக்கப் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள்: முகாம் ஜனம் அத்தனையும் தண்ணீர் இல்லாத வாய்க்காலுக்குள் வரிசையாகப் படுத்திருக்கிறது. குழந்தைகள் அடியில், பெரியவர்கள் மேலே கவிந்தபடி. ராத்திரியெல்லாம் அந்தப் பனியில். அம்மம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, எங்கள் பாட்டி அவள் உள்ளங்காலைச் சூடு பறக்கத் தேய்த்தாள். "யானைக்கும்மா, யானைக்குப் போட்ட வெடி" என்று திருப்பித் திருப்பிச் சொன்னாள். அம்மம்மா, "எனக்கு விளங்குது பிள்ளை. காலுக்கு விளங்கேல்லையே" என்றாள்.

அன்றைக்கு ரெட்டி தாத்தா ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். வெடி கொளுத்துவதற்கு முன்னால் காவல்காரன் எண்ணெய் டின்னை எடுத்து மூன்று தட்டுத் தட்ட வேண்டும். முகாமில் பள்ளிமணிக்காக ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அங்கிருந்து மாஸ்டர் ஒரு தட்டுத் தட்டுவார். கேட்டுவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் திரியில் நெருப்பு. அந்த நேரத்துக்குள் யானை ரெண்டு சால் ராகியை வாரிவிடும். காவல்காரர்கள் முணுமுணுத்தார்கள். "போனா போகட்டும்டா, ரெண்டு சால்தானே" என்பார் தாத்தா, தெலுங்கில். சுற்றுக் கொல்லைக்காரர்களும் மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் பல வருஷம் எங்கள் குளிர்கால ராத்திரி அப்படித்தான் இருந்தது: டப்பா மூன்று, மணி ஒன்று, வெடி, அதற்குப் பிறகு எங்கோ தூரத்தில் ஒரு பிளிறல். இதைப் பற்றி மாஸ்டர் ஒருதரம் சொன்னார்: "இவ்வளவுதான் தம்பி எங்கட நாட்டிலயும் வேண்டியிருந்தது. ரெண்டு சால் போனாலும் போகட்டும் எண்டு சொல்ல ஒரு மனுசன்."

அவரிடம் ஒரு நீள நோட்டு உண்டு. மளிகைக்கடைப் பற்றுவரவு எழுதுகிற நோட்டு. அதில் இடப்பக்கம் கையெழுத்தான ஒப்பந்தங்கள், வலப்பக்கம் அவை முறிந்த நாட்கள். வெள்ளைக்காரன் 1948 பிப்ரவரி நாலாம் தேதி போன பிறகு அவர் கணக்கு தொடங்குகிறது. அதே வருஷம் மலையகத் தமிழர்களின் குடியுரிமை போனது. 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது. 1957 ஜூலையில் பண்டாரநாயக்க, செல்வநாயகம் கையெழுத்து. அடுத்த ஏப்ரலில் கிழிப்பு. 1965இல் டட்லி, செல்வநாயகம், அதுவும் நடக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது, 1983 ஜூலையில் கொழும்பே எரிந்தது. இந்த இரண்டு தீயையும் நடுவில் கோடு போட்டுச் சிவப்பு மையில் எழுதியிருந்தார். பிறகு கையெழுத்து வரை போகாத 1985 திம்புப் பேச்சு, 1987 ஜூலை 29 ராஜீவ், ஜெயவர்த்தனா. இடப்பக்கமும் வலப்பக்கமும் எப்போதும் ஒரே நீளமாக வந்து நின்றன.

ராத்திரி ஒன்பதே காலுக்கு பி.பி.சி. தமிழோசை. முகாமில் அந்த நேரத்துக்கு அடுப்பு அணைந்துவிடும், குழந்தைகள் அதட்டப்படுவார்கள். மாஸ்டரின் பிலிப்ஸ் டிரான்சிஸ்டரிலிருந்து ஒரு செம்புக் கம்பி கூரைத் தகரத்துக்குப் போகும். ஆனந்தி அக்காவின் குரல் கேட்டதும் பெண்கள் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வார்கள், கோயிலில் மணி அடித்தால் செய்கிற மாதிரி. செய்தி முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் யாரும் எழ மாட்டார்கள். எந்த ஊர்ப் பெயர் வந்தது, எந்த ஊர்ப் பெயர் வரவில்லை என்று மனசுக்குள் கூட்டிக் கழிப்பார்கள்.

1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்ட பிறகு அந்த டிரான்சிஸ்டரின் சத்தம் குறைந்தது. யார் வந்தாலும் போனாலும் போலீஸ் எழுதிக்கொண்டது. வேலை கொடுத்தவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். திண்ணையில் பருப்புப் பிதுக்க நம் வீட்டுப் பெண்கள் மட்டும் உட்கார்ந்தார்கள், பேச்சே ஓடவில்லை. அதே வருஷம் டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்ததும் பெங்களூரில் தமிழர் வீடுகள் எரிந்தன. அத்திப்பள்ளி தாண்டி பஸ் வரவில்லை. தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை என்று ஜூஜூவாடி வழியாக ஜனங்கள் நடந்தே வந்தார்கள். ஓசூர் பஸ் ஸ்டாண்டு நிறைந்துவிட்டது. ஏழு மாதமாக ஊர்ப்பக்கம் வராத முகாம் பெண்கள் அன்றைக்கு வந்தார்கள். அம்மம்மா குண்டானில் கஞ்சி கொண்டுவந்து குழந்தைகளுக்கு ஊற்றினாள். விழுப்புரத்துப் பக்கத்துப் பெண் ஒருத்தியிடம், "உனக்குப் போறதுக்கு ஊர் இருக்கோ பிள்ளை?" என்று கேட்டாள். இருக்கிறது என்றதும், "அப்ப அழாதை" என்றாள்.

மறுவருஷம் 1992 ஜனவரியில் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். விருப்பக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கப்பலில். அடுத்த மூன்று வருஷத்தில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். நம் முகாமிலிருந்தும் கொட்டகை கொட்டகையாகக் காலியானது. மாஸ்டர் கையெழுத்துப் போடவில்லை.

அந்த அக்டோபரில்தான் மொசாம்பிக் எங்கள் ஊருக்கு வந்தது. வானொலியில் கேட்டுவிட்டு மறுநாள் மாஸ்டர் கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் ஆப்பிரிக்காவை வரைந்தார். தென்கிழக்கு ஓரத்தில் நீளமாக ஒரு தேசம். "பாருங்கோ, அவைக்கும் முதல்ல வந்தவன் போர்த்துக்கீசன், எங்கட யாழ்ப்பாணத்துக்கும் முதல்ல வந்தவன் போர்த்துக்கீசன்" என்றார். போர்த்துக்கீசன் 1975இல் அங்கிருந்து போனான். இரண்டே வருஷத்தில் உள்நாட்டுப் போர் பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் பிரெலிமோ அரசாங்கம், மறுபக்கம் ரெனாமோ. ரொடீசியாவும் தென்னாப்பிரிக்காவும் எண்ணெய் ஊற்றின. பதினைந்து வருஷம். கடைசியில் 1992 அக்டோபர் நாலாம் தேதி ரோமில் சிஸ்ஸானோவும் ட்லாகாமாவும் கையெழுத்திட்டார்கள். நடுவில் நின்றது வல்லரசு இல்லை. சாந்த் எஜிதியோ என்ற கத்தோலிக்கப் பொதுமக்கள் குழு, ரோமில் ஒரு பழைய மடத்தில் இருப்பவர்கள். இரண்டு வருஷத்துக்கும் மேலாக இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார்கள். பிரிப்பதை ஓரமாக வைத்துவிட்டு, சேர்ப்பது எது என்று முதலில் தேடுவோம் என்பது அவர்கள் முறை. மாஸ்டர் மன்னார்க் கத்தோலிக்கர், மடு மாதாவின் பிள்ளை. அவருக்கு இது வேதம் மாதிரி இறங்கிவிட்டது. தன் நோட்டில் முதல் தடவையாக வேற்றுநாட்டு ஒப்பந்தம் ஒன்றை இடப்பக்கத்தில் எழுதி, வலப்பக்கத்தைக் காலியாக விட்டார்.

அதற்குப் பிறகு மொசாம்பிக் எங்களுக்கு ஒரு பக்கத்து ஊர் ஆகிவிட்டது. அங்கே 17 லட்சம் அகதிகள் மலாவியிலிருந்தும் ஜிம்பாப்வேயிலிருந்தும் வீடு திரும்பினார்கள் என்ற செய்தி வந்த நாளில் முகாமில் பாயசம் வைத்தார்கள். அங்கே கிறிஸ்தவ சபைகள் சேர்ந்து, துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தால் தையல் மெஷினோ சைக்கிளோ மண்வெட்டியோ தருகிற திட்டம் 1995இல் தொடங்கியது. இதை மாஸ்டர் பெரிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தபோது, முகாமில் தையல் பழகிக்கொண்டிருந்த ஒரு அக்கா கேட்டாள்: "எங்களிட்டத் துவக்கு இல்லையே மாஸ்டர். சும்மா இருந்தவைக்கு ஒரு மெஷின் தரமாட்டினமோ?" மாஸ்டர் பதில் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கேள்வி இன்றைக்கும் விட்டுப் போகவில்லை. சமாதானம் பேசிய மேசைகள் எல்லாம் துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்குத்தான் நாற்காலி போட்டன. அவளுக்கு யாரும் போடவில்லை.

1995 ஜனவரியில் சந்திரிகா அரசும் புலிகளும் சண்டை நிறுத்தம் செய்தார்கள். நல்ல அவரைக்காலம். திண்ணைப் பேச்சு மறுபடி களைகட்டியது. போனால் என்ன விதைப்பது, கூரைக்கு ஓடா கிடுகா என்றெல்லாம் பேசினார்கள். சித்திரை பிறந்து அஞ்சாறு நாளில் திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்கள் தகர்ந்தன. கிருஷ்ணகிரி மாங்காய் மார்க்கெட்டுக்கு வரத் தொடங்கிய வாரம் அது. அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே எழுந்து நடந்தது. செம்மணி வழியாக, நாவற்குழிப் பாலம் வழியாக, மழையில். அந்த ராத்திரித் தமிழோசையை முகாமே நின்றுகொண்டு கேட்டது. மறுவருஷம் புதுப் படகுகள், புதுப் பிள்ளைகள். மைதானத்தில் மறுபடி சிலர் குப்புற விழுந்தார்கள். எங்கள் டீச்சர் மறுபடி வாய்ப்பாட்டை எடுத்தாள்.

அம்மம்மா அந்த நடுவில்தான் ஒரு தை மாதத்தில் போனாள். தென்பெண்ணைக் கரையில் அவளைப் புதைத்தோம். திருவலையை எங்கள் பாட்டி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

2002 பிப்ரவரி 22 வந்தது. மாமரமெல்லாம் பூத்து, ராயக்கோட்டை ரோடு முழுக்க அந்தத் தேன்வாசம். நார்வேக்காரர்கள் நடுவில் நிற்க, ரணில் அரசும் புலிகளும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டார்கள். எரிக் சோல்ஹைம் என்ற பெயர் எங்கள் பாட்டி வாய்க்குக்கூட வந்துவிட்டது, "சோலையம்மா" என்பாள். ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தது. செப்டம்பரில் தாய்லாந்தில் பேச்சு, டிசம்பரில் ஒஸ்லோ. மாஸ்டர் இந்தத் தடவை கையெழுத்துப் போட்டார். 2003 தொடக்கத்தில் கிளம்பினார். கட்டுக்கரைக்குளத்து மதகைப் பார்க்க வேண்டும், காலபோகம் விதைக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. முதல் நாள் சாயங்காலம் ரெட்டி தாத்தா ஒரு படி ராகி விதையைத் துணியில் முடிந்து கொடுத்தார். இரண்டு கிழவர்களும் அணைக்கரையில் வெகுநேரம் நின்றார்கள். ஒருவருக்குத் தெலுங்கு, ஒருவருக்கு ஈழத்தமிழ், என்ன பேசிக்கொண்டார்களோ.

நாலைந்து கடிதம் வந்தது. ராகி முளைத்துவிட்டது என்று ஒன்றில் எழுதியிருந்தார். 2006இல் போர் திரும்பியது. 2008 ஜனவரியில் அரசாங்கம் ஒப்பந்தத்திலிருந்து விலகியது. ஏப்ரலில் மடு மாதா சிலையையே குருமார்கள் தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. மன்னார் ஜனம் கிழக்கே கிழக்கே தள்ளப்பட்டது. அதற்குப் பிறகு கடிதம் இல்லை. 2009 மே 18, 19இல் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது என்றார்கள். அந்த மே மாதம் கிருஷ்ணகிரியில் மாம்பழக் கண்காட்சிக்காரர்கள் ரோட்டோரம் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். முகாமில் ஒரு வீட்டிலும் விளக்கு எரியவில்லை. பெயிண்டர் அண்ணன் வவுனியா மெனிக் பாம் முகாமிலிருந்து வந்த பெயர்ப் பட்டியல்களையெல்லாம் இணையத்தில் தேடித் தேடிப் பார்த்தார். மாஸ்டர் பெயர் எதிலும் இல்லை.

இப்போது நீங்கள் போனால் அந்த ராகிக் கொல்லைகளைத் தேடாதீர்கள். மனைப்பிரிவுகள். கல் நட்டு, நிறம் பூசி, நுழைவாயிலில் வளைவு வைத்திருக்கிறார்கள். ரெட்டி தாத்தா வாரிசுகள் விற்றுவிட்டார்கள். ஆறு பெங்களூர்க் கழிவைச் சுமந்துகொண்டு வருகிறது. மதகு திறந்தால் வெள்ளை நுரை ஆளுயரத்துக்கு எழும்பிக் காற்றில் பறக்கிறது. யானை இன்னும் வருகிறது, பாவம், தார் ரோட்டைக் கடந்து. வெடியும் போடுகிறார்கள். டப்பா தட்டுகிறவர்கள் யாருமில்லை. தமிழோசை வானொலி 2017 ஏப்ரல் கடைசியோடு நின்றது. மொசாம்பிக்கிலும் 2013இல் துப்பாக்கி மறுபடி வெடித்தது. 2019 ஆகஸ்டில் அவர்கள் மறுபடி உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். மாஸ்டர் இருந்திருந்தால் வலப்பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டு, உடனே இடப்பக்கத்தில் இன்னொரு வரி எழுதியிருப்பார்.

முகாம் இருக்கிறது. 2021இல் அதன் பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். மாநிலம் முழுக்கப் பழைய கொட்டகைகளுக்குப் பதிலாகப் புது வீடுகள் என்றும் அறிவித்தார்கள். நல்ல காரியம்தான், பத்துக்குப் பத்தில் ஒரு தலைமுறையே வளர்ந்து முடிந்த பிறகு வந்தது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றுக்கும் இடம் இருந்தது, இலங்கைக்கு இல்லை. பெயிண்டர் அண்ணனுக்கு இப்போது கை நடுங்குகிறது, போர்டெல்லாம் பிளெக்ஸ் ஆகிவிட்டது. அவர் மகள் இங்கே பிறந்தவள். பஸ்ஸில் தெலுங்கு பேசுகிறாள், கடையில் கன்னடம் பேசுகிறாள், என்னிடம் நம் தமிழ், அப்பாவிடம் மட்டும் "ஓம்". பட்டப்படிப்பு முடித்துவிட்டு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். பகல் வெளிச்சத்தில், டிக்கெட் எடுத்து, உட்கார்ந்து போகிற கப்பல். அப்பாவைக் கூட்டிக்கொண்டு அடம்பனுக்குப் போய் மாஸ்டரைப் பற்றி நேரிலேயே விசாரிக்கலாம் என்று அவள்தான் முதலில் சொன்னாள். பாஸ்போர்ட் வேண்டும். அவளுக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை. பிறப்பை இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்து, குடியுரிமை வாங்கி, அதற்குப் பிறகு பாஸ்போர்ட்டுக்கு எழுத வேண்டும். அப்படி எழுதினால் பிறந்து வளர்ந்த ஓசூரில் அவள் வெளிநாட்டுக்காரி என்பது காகிதத்தில் உறுதியாகிவிடும் என்று பயப்படுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை விண்ணப்பத்தைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தாள். தகப்பனார் பிறந்த இடம், படகேறிய தேதி, மண்டபத்தில் பதிவான எண் வரைக்கும் எழுதியிருக்கிறோம். மீதிக் கட்டங்களை அவள் அம்மாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.